பழைய வேனும் மறைந்த குறையும்

நம் ஊர்களில் வேன் என்பது ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானதாக இருந்தாலும் ஊர் முழுவதும் அதில் பங்கு வைத்திருக்கிறது. கல்யாண வீட்டுக்கும் அதிலேதான் போகிறோம். மையித்து வீட்டுக்கும் அதிலேதான் போகிறோம். ஹஜ்ஜுக்குப் போகிறவரைக் கட்டுநாயக்கவில் கொண்டுபோய் விடுவதும், நடுச்சாமத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதும் அதே வேன்தான். காலை ஆறரை மணிக்குப் பதினான்கு, பதினைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போகும் வேன்கள் எங்கள் மாவனல்லைப் பக்கத்தில் மட்டும் எத்தனை! ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீட்டின் அடுப்பு எரிகிறது.

இந்த வேன்களில் மிகப் பெரும்பாலானவை ஜப்பானில் ஒரு ஆயுளை முடித்துவிட்டு இங்கே மறு ஆயுள் தொடங்கியவை. 1989 முதல் 2004 வரை ஜப்பானில் வெளிவந்த ஹைஏஸ் வேனுக்கு நம்மவர்கள் 'டொல்பின்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததை 'கே.டி.எச்.' என்கிறார்கள். டவுன்ஏஸில் ஒன்றுக்கு 'லொட்டோ' என்று பெயர். இவை தவிர வெனட், டெலிகா, பொங்கோ, சின்ன சுசுகி எவ்ரி என்று பட்டியல் நீளும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருக்கிற வேன்களே கை மாறிக் கை மாறி ஓடின. விலையோ ஏறிக்கொண்டே போனது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் நடுத்தரக் குடும்பத்துக்குப் பழைய வேனே கதி. ஆகவே இருபது, முப்பது வயதான ஒரு வேனுக்குக் காணியையும் நகையையும் விற்றுக் காசு கொடுக்கும் நிலை வந்துவிட்டது.

அரபுக் கல்லூரியில் ஓதி, இப்போது ஓதிக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் கியர் பொக்ஸைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குக் காரணம் ஒரு வழக்கு.

எங்கள் ஊரில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கும் ஒரு சகோதரர், தன் பழைய வேனைக் கொடுத்துவிட்டு, மனைவியின் மாலையையும் அடகு வைத்து, கொஞ்சம் பெரிய ஒட்டோ கியர் வேன் ஒன்று வாங்கினார். விற்றவரும் அதே மஹல்லாக்காரர். ஒன்பதாம் நாள் கண்டிக்கு ஹயர் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் வேன் நின்றுவிட்டது. எஞ்சின் கத்துகிறது, வேன் நகரவில்லை. ஏற்றத்திலிருந்து கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். கியர் பொக்ஸ் முடிந்துவிட்டது என்றார் பாஸ்.

வாங்கியவர் விற்றவரிடம் போனார். "பாத்துத்தானே எடுத்தீங்க. ஓட்டிப் பாத்தீங்க, பாஸ் ஒருத்தரயும் கூட்டிட்டு வந்தீங்க. ஒன்பது நாள் ஓடினதுக்குப் பொறகு வந்து என்னட்டக் கேட்டா நான் என்ன செய்ய?" என்றார் விற்றவர். பேச்சு முற்றிப் பள்ளிவாசல் வரைக்கும் வந்தது. கடைசியில் இருவரும் என்னிடம் வந்தார்கள். "ஹஸரத், நீங்க ஒரு முடிவச் சொல்லுங்க" என்றார்கள்.

குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைப் பற்றி பிக்ஹு நூல்களில் ஒரு முழுப் பாடமே இருக்கிறது. கியாருல் ஐப் என்பார்கள். வருடா வருடம் அதை மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது: குறை கைமாறுவதற்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா? இதைக் கிதாபில் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தொழில் தெரிந்தவரிடம் கேட்கவேண்டும் என்று கிதாபே சொல்கிறது. ஆகவே இருவரையும் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன்.

அங்கே முப்பது வருடம் இதே வேலை செய்த ஒரு சிங்களப் பாஸ். அவர் எங்களுக்கு நடத்திய பாடத்தைத்தான், பின்பு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றோடு சேர்த்து, வாசகர்களுக்குத் தருகிறேன்.

கியர் பொக்ஸ் ஏன் கெடுகிறது?

எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குத் தேவையான வேகத்திலும் வலுவிலும் மாற்றிக் கொடுப்பதே கியர் பொக்ஸின் வேலை. மெனுவல் கியரில் இந்த மாற்றத்தைச் சாரதியின் காலும் கையும் செய்கின்றன. ஒட்டோவில் எண்ணெய் செய்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மற்றெல்லாம் இலகு.

ஒட்டோ கியர் பொக்ஸினுள்ளே எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் டோர்க் கொன்வேர்ட்டர் என்ற உருண்டைப் பாத்திரம் இருக்கிறது. அதற்குள் எண்ணெய்தான் சுழன்று சக்தியைக் கடத்துகிறது. உள்ளே அடுக்கடுக்காகக் கிளச் தட்டுகள். ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்ப, அந்த அழுத்தம் தட்டுகளை இறுக்கிக் கியரைப் போடுகிறது. அதே எண்ணெய் குளிரவும் வைக்கிறது, வழுவழுப்பாகவும் வைக்கிறது. ஆகவே எண்ணெய் கெட்டால் மூன்று வேலையும் கெடும். எண்ணெயைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. கடுகண்ணாவை, ரம்பொடை போன்ற ஏற்றங்களில், ஆள் நிரம்பிய வேன், கோடை வெயில் என்று வரும்போது அந்தச் சூட்டைக் கேட்கவே வேண்டாம். எண்ணெய் கருகினால் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடாகும், இன்னும் கருகும். நோயே நோயை வளர்க்கிறது.

இன்னொரு மறைவான வழியும் இருக்கிறது. பல வேன்களில் இந்த எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டரின் உள்ளேயே போகிறது. கூலண்ட் ஊற்றாமல் வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர் உள்ளே கறள் பிடித்து ஓட்டை விழுந்தால், தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிடும். ரோஸ் நிறத்துப் பால் மாதிரி ஆகிவிடும். கிளச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் பகுதி தண்ணீரில் ஊறிக் கழன்று போகும். ரேடியேட்டரில் மிச்சம் பிடித்த காசு கியர் பொக்ஸில் பல மடங்காகப் போய்விடும்.

மெனுவல் கியரின் நோய்கள் வேறு. கியர் மாற்றும்போது இரண்டு சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையங்கள் தேய்ந்தால், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது 'கரக்' என்று அரைக்கும். பெயரிங் தேய்ந்தால் இரையும். கிளச்சை மிதித்ததும் அந்த இரைச்சல் நின்றால் கியர் பொக்ஸின் முன்பக்கப் பெயரிங்கைச் சந்தேகிக்கவேண்டும். மிதித்தால்தான் இரைச்சல் வருகிறது என்றால் கிளச்சின் ரிலீஸ் பெயரிங். அது அவ்வளவு பெரிய செலவு அல்ல. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இறக்கத்தில் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவது. பிள்ளைகளோடு கடுகண்ணாவை இறங்கும்போது கியர் கழன்றால் எஞ்சின் பிடி இல்லாமல் போகிறது. முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. 'பரவாயில்ல, கையால புடிச்சிட்டு ஓட்டலாம்' என்று சொல்லி விற்கப்பட்ட வேன்களும் நம் ஊர்களில் ஓடியிருக்கின்றன.

அப்படியானால் எது நல்லது, மெனுவலா ஒட்டோவா? பழைய வேன் என்று வரும்போது பாஸ்மார் பெரும்பாலும் மெனுவலையே சொல்கிறார்கள். அது கெடாது என்பதல்ல காரணம். அது சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுக் கெடும். பழுதைச் சின்ன ஊர்க் கராஜிலும் பார்க்கலாம். சாமான் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். ஒட்டோவோ அமைதியாக இருந்து, ஒரு நாள் ஏற்றத்தில் கைவிடும். ஆனால் நன்றாகப் பராமரித்த ஒட்டோ, அடித்து ஓட்டிய மெனுவலைவிட எத்தனையோ மேல்.

புதிய வகைகளில் இன்னும் கவனம் வேண்டும். 2007இல் வந்த இரண்டாம் தலைமுறை நோவா, வொக்ஸி வேன்களில் இருப்பது சி.வி.டி. இதில் படிப்படியான கியர்கள் இல்லை. அகலம் மாறும் இரண்டு கப்பிகளுக்கு நடுவில் உருக்குப் பட்டி ஒன்று ஓடுகிறது. அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. சாதாரண ஒட்டோ எண்ணெயை ஊற்றினால் பட்டி வழுக்கி, கப்பி கீறுபட்டுப் போய்விடும். 2015இல் வந்த சுசுகி எவ்ரி வேன்கள் சிலவற்றில் ஏ.ஜி.எஸ். என்று இருக்கிறது. பார்வைக்கு ஒட்டோ; உள்ளே இருப்பது மெனுவல் கியர் பொக்ஸ்தான். சாரதிக்குப் பதிலாக ஒரு கருவி கிளச்சை மிதித்துக் கியரை மாற்றுகிறது. அதில் கிளச் தேயும் என்பதை அறியாமல், ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அக்சிலேட்டரிலேயே வேனை நிறுத்தி வைப்பவர்கள் கிளச்சை எரித்துவிடுகிறார்கள்.

எண்ணெய் ஒரு சின்ன விஷயமல்ல

எண்ணெயில் ஏற்படும் தவறு படித்தவர்களையும் பெரிய கொம்பனிகளையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் கிறைஸ்லர் கொம்பனி 1989இல் தன் குடும்ப வேன்களுக்கு அல்ட்ராட்ரைவ் என்ற புதிய ஒட்டோ கியர் பொக்ஸைக் கொண்டுவந்தது. அதற்கென்றே தயாரித்த எண்ணெயைத்தான் அது தாங்கும். ஆனால் சந்தையில் கிடைத்த டெக்ஸ்ரன் எண்ணெயும் போதும் என்று கையேட்டிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். அதை நம்பி ஊற்றியவர்களின் கியர் பொக்ஸ்கள் நடுங்கின, வழுக்கின. அந்த வேன்களின் பெயர் கெட்டுப்போனதில் இந்த எண்ணெய்க்கும் பெரிய பங்குண்டு.

சூட்டுக்கும் அங்கேயே உதாரணம் உண்டு. 2004 ஏப்ரலில் ஹொண்டா கொம்பனி அமெரிக்காவில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் 2002 முதல் 2004 வரையான ஒடிசி குடும்ப வேன்களும் இருந்தன. சில ஓட்ட நிலைகளில் இரண்டாம் கியர் அளவுக்கு மீறிச் சூடாகிப் பல் உடையலாம், கியர் பொக்ஸ் இறுகிப்போகலாம் என்பதே காரணம். தயாரித்தவனே தன் குறையைப் பகிரங்கமாகச் சொல்லி, தன் செலவில் பார்த்துக் கொடுத்தான். நம் ஊரில் விற்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

வேன் பார்க்கப் போகும்போது, எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில், காலையில் போங்கள். விற்பவர் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். இந்த வேன்கள் பலவற்றில் எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. ஆசனத்தைத் தூக்கினால் சூடு தெரிந்துவிடும்.

சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல், டாஷ்போர்டில் எல்லா வெளிச்சங்களும் எரிகின்றனவா என்று பாருங்கள். ஓவர்டிரைவ் உள்ள டொயோட்டா ஒட்டோக்கள் பலவற்றில், கியரில் கோளாறு வந்தால் 'ஓ.டி. ஓப்' என்ற வெளிச்சம் மினுக்கும். பொத்தானை அமுக்கியும் அந்த வெளிச்சம் எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு 'டி'யிலும் 'ஆரி'லும் போட்டுப் பாருங்கள். உடனே மெதுவாகப் பிடிக்கவேண்டும். இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டுப் பிடித்தால் உள்ளே அழுத்தம் குறைவு. 'டக்' என்று பெரிதாக அடித்தால் கியர் பொக்ஸாகவும் இருக்கலாம். எஞ்சின் மவுண்ட் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்டின் குரொஸாகவும் இருக்கலாம். அவை சின்னச் செலவு. அதைக் காட்டிப் பயமுறுத்திக் கியர் பொக்ஸையே மாற்றச் சொல்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை.

எண்ணெய்க் குச்சியை இழுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். டொயோட்டா வேன்கள் பலவற்றில் எஞ்சின் ஓடும்போது, சூடான பிறகு, 'பி'யில் வைத்துத்தான் அளவு பார்க்கவேண்டும். தெளிந்த சிவப்பு நல்லது. கபிலமாகி எரிந்த வாடை வந்தால் விட்டுவிடுங்கள். சில புதிய வேன்களில் குச்சியே இல்லை. கராஜில் தூக்கித்தான் பார்க்கவேண்டும். அந்தச் செலவுக்குப் பின்வாங்காதீர்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். ஊருக்குள் ஒரு சுற்று போதாது. ஆட்களை ஏற்றிக்கொண்டு அரை மணித்தியாலமாவது, ஒரு ஏற்றமும் சேர்த்து ஓட்டவேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருக்கும் ஒட்டோ, சூடானதும்தான் உண்மையைச் சொல்லும். கியர் மாறும் இடத்தில் எஞ்சின் சத்தம் கூடி வேகம் கூடாமல் இருந்தால் தட்டுகள் வழுக்குகின்றன என்று அர்த்தம். மெனுவலாக இருந்தால், கைப்பிரேக்கை இழுத்து மூன்றாம் கியரில் போட்டுக் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் நின்றால் கிளச் சரி. நிற்காமல் ஓடினால் தேய்ந்துவிட்டது. இறக்கத்தில் அக்சிலேட்டரை விட்டுப் பார்த்து, கியர் கழல்கிறதா என்றும் கவனியுங்கள்.

வாங்கிய பின்? ஏற்றத்தில் ஓவர்டிரைவை நிறுத்திவிட்டு ஏறுங்கள். இறக்கத்தில் கீழ்க் கியரில் இறங்குங்கள். எண்ணெயைக் கையேடு சொல்லும் வகையில், சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். ஒரு தடவை வடித்தால் பழைய எண்ணெயில் ஒரு பகுதிதான் வெளியேறும். டோர்க் கொன்வேர்ட்டருக்குள் இருப்பது தங்கிவிடும். ஆகவே கொஞ்ச நாள் ஓடிவிட்டு மறுபடியும் மாற்றுவது நல்லது. நின்றுபோன ஒட்டோ வேனைப் பின்சக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்லாதீர்கள். எஞ்சின் ஓடாவிட்டால் பம்பும் ஓடாது. எண்ணெய் போகாமல் உள்ளே எல்லாம் தேய்ந்துவிடும். பின்சக்கரத்தால் ஓடும் வேனென்றால் பின்பக்கத்தைத் தூக்கியோ, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியோ, லொறியில் ஏற்றியோ கொண்டுபோகவேண்டும்.

வழக்கின் முடிவு

அன்று பாஸ் கியர் பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். தட்டின் மூலையில் கறுப்புச் சேறு தடிப்பாகப் படிந்திருந்தது. காந்தத்தில் இரும்புத் தூள் மயிர் மாதிரி நின்றது. வடிகட்டி அடைபட்டிருந்தது. "ஹஸரத், இது ஒன்பது நாள்ல சேர்ற குப்ப இல்ல" என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். டாஷ்போர்டைக் கழற்றினார். 'ஓ.டி. ஓப்' வெளிச்சத்துக்குப் பல்பு இல்லை.

விற்றவரின் முகம் மாறியது. "அல்லாஹ் மேல சத்தியமா எனக்குத் தெரியா. நான் எடுக்கக்குள்ளயே இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார். அவரும் ஒன்றரை வருடத்துக்கு முன் இன்னொருவரிடம் வாங்கியவர். நான் அவரை நம்பினேன். ஆனால் சட்டம் அவருடைய அறிவைக் கேட்கவில்லை. தெரிந்து மறைத்தால் பாவம்; தெரியாவிட்டால் பாவமில்லை. பொருளில் குறை இருந்ததா என்பது வேறு கேள்வி. குறை முன்பே இருந்தது; அந்தக் காரணத்தால்தான் வேன் பின்பு நின்றது. முன்னிருந்த காரணத்தால் பின்பு வெளிப்படும் குறை முந்திய குறையாகவே கணிக்கப்படும் என்பதுதான் ஷாபிஈ மத்ஹபின் நூல்களிலும் உள்ளது. 'பார்த்துத்தானே எடுத்தீங்க' என்ற வார்த்தை, பார்த்தால் தெரியாத குறைக்குப் பதிலாகாது. வாங்கியவரும் குறை தெரிந்த அன்றே வந்து சொல்லியிருந்தார். தெரிந்த பிறகும் வைத்து ஓட்டியிருந்தால் அவருடைய உரிமை போயிருக்கும்.

திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் விற்றவர் அந்தக் காசில் மகளின் கல்யாணச் செலவைச் செய்து முடித்திருந்தார். கடைசியில் சமாதானத்துக்கு இருவரும் உடன்பட்டார்கள். பாவித்த நல்ல கியர் பொக்ஸ் ஒன்றை விற்றவர் வாங்கிக் கொடுத்தார். பூட்டும் கூலி, எண்ணெய், புது ரேடியேட்டர் மூன்றையும் வாங்கியவர் ஏற்றுக்கொண்டார். இரண்டு வாரம் பிள்ளைகளை ஏற்றாமல் போன நட்டத்தை அவர் பேசவில்லை. முன்னையவர் செய்த மறைப்புக்கு இரண்டு ஏழைகள் பங்கு போட்டுக் கட்டினார்கள். பல்பைக் கழற்றியவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

பால் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, பெரிய மடி என்று காட்டி ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் கொடுத்தார்கள். மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தும்போது இப்போது நான் ஆட்டோடு நிறுத்துவதில்லை. இரையும் கியர் பொக்ஸுக்குத் தடித்த எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அடக்குவதும், எச்சரிக்கை வெளிச்சத்தின் பல்பைக் கழற்றுவதும், ஓடிய கிலோமீற்றரைக் குறைத்துத் திருப்பி வைப்பதும் அந்தக் கட்டிய மடிதான் என்று சொல்கிறேன். மாணவர்களில் பலர் வேன்காரர்களின் பிள்ளைகள், உடனே விளங்கிக்கொள்கிறார்கள்.

வேன் விற்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த குறைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எந்த எண்ணெய் ஊற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள், ஏற்றத்தில் எப்படி இழுக்கும் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் அந்த வேனில் நாளை ஏறப்போவது யாருடைய பிள்ளை என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம்.